நாத்தனாருக்கு ஒரு போர்வை

நன்றி சொல்ல வருபவர்களை விரட்டியடிப்பதில் நாத்தனாரை மிஞ்ச ஆள் கிடையாது. தன்னுடைய இரண்டு சிறுநீரகங்களில் ஒன்றைத் தம்பி மனைவிக்குக் கொடுத்தவர் அவர். கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் சர்க்கரை கொடுத்தவர் மாதிரி இருந்துகொண்டார்.

வாங்கிக்கொண்டவளால் அப்படி இருக்க முடியுமா? அவளைப் புகுந்த வீட்டில் எல்லாரும் பொடிசு என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணத்தன்று நாத்தனாரின் தோளுக்குக்கூட எட்டவில்லை என்பதால் நாத்தனாரே வைத்த பெயர். பதினெட்டு வருடமாக ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்த மூன்றாம் நாள், பக்கத்து அறையிலிருந்து சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்த நாத்தனாரைப் பார்த்துப் பொடிசு வாயைத் திறந்தாள். "வாயை மூடிக்கிட்டுப் படு, தையல் பிரிஞ்சுடப் போகுது," என்றார் அவர். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு கூடை பழம் அனுப்பிப் பார்த்தாள். "எங்க வீட்ல பழத்துக்குப் பஞ்சமா?" என்ற கேள்வியோடு கூடை அப்படியே திரும்பி வந்தது. போனில் "அண்ணி, உங்களுக்கு நான் எப்படி..." என்று இழுத்தால், "டிப்போல வேலை கிடக்குது" என்று சொல்லிக் கட் பண்ணிவிடுவார்.

நாத்தனார் பஸ் டிப்போவில் நேரம் குறிக்கும் வேலையில் இருப்பவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதி எழுதி, அவர் பேச்சும் அதே மாதிரி ஆகிவிட்டது. நேரத்துக்குக் கிளம்பும், நடுவில் எங்கும் நிற்காது.

ஐந்து மாதம் இப்படியே ஓடியது. காலையில் எழுந்து தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் பொடிசுக்கு நெஞ்சு நிறைந்து போகும். டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த காலத்தில் தண்ணீரை டம்ளரால் அளந்துதான் குடிக்க வேண்டும். கோடையில் ஐஸ் துண்டை நாக்கில் வைத்துக்கொண்டு சமாளித்திருக்கிறாள். இப்போது நிறையக் குடிக்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு மடக்குக்கும் நன்றி சொல்லத் தோன்றும். சொல்லத்தான் ஆள் பிடி கொடுக்கவில்லை.

அப்போதுதான் நாத்தனாருக்கு மாற்றல் வந்தது. மலை மேல் இருக்கிற டிப்போ, வருடத்தில் பாதி நாள் பனி கொட்டும் இடம். மூன்று வாரத்தில் கிளம்ப வேண்டும். பொடிசு வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். பழத்தைத் திருப்பி அனுப்பலாம், குளிரைத் திருப்பி அனுப்ப முடியுமா என்று யோசித்தாள். பஞ்சு வைத்துத் தைத்த கனமான போர்வை ஒன்றைத் தைத்து, அதைக் கையில் கொடுக்கும்போது சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். மலைக்குப் போய்விட்டால் அப்புறம் என்றைக்குப் பார்ப்பது, என்றைக்குச் சொல்வது?

ஆனால் அவ்வளவு பெரிய போர்வையை மொத்தமாகச் சுருட்டி, தையல் மிஷினின் குறுகலான இடைவெளிக்குள் தள்ளித் தள்ளித் தைக்க அவளால் ஆகாது. புதுச் சிறுநீரகத்தை வைத்திருப்பது அடிவயிற்றின் ஓரத்தில். அங்கே எதுவும் அழுந்தக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். அதனால் கட்டம் கட்டமாகத் தைத்து, பிறகு ஒன்றோடொன்று சேர்க்கும் வழியைப் பிடித்தாள். ஒவ்வொரு கட்டமும் தனியே ஒரு குட்டிப் போர்வை: மேலே பூத்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்து மிஷினிலேயே கோடு கோடாகத் தைத்து முடித்துவிட வேண்டும். அகலத்துக்கு நான்கு, நீளத்துக்கு ஐந்து, ஆக இருபது கட்டங்கள். கடைசியில் கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே மேலே ஒரு பட்டை, அடியில் ஒரு பட்டை கொடுத்து இணைத்து, சுற்றிலும் ஓரப்பட்டை கட்டினால் போர்வை தயார். அதுவரைக்கும் மடியில் ஒரு தலையணை அளவுக்கு மேல் துணி இருக்காது.

வெட்டித் தரும் வேலையைக் கணவர் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் மரவேலை செய்பவர். கதவு, ஜன்னல், அலமாரி என்று கை நிறைய வேலை. அக்காவுக்குப் போகிற பொருள் என்றதும் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு வந்து நின்றார்.

"கட்டம் எத்தனை அங்குலம்?"

"பதினாறு."

அவ்வளவுதான் பேச்சு. பொடிசு பரிசோதனைக்காக ஆஸ்பத்திரி போய்விட்டு மத்தியானம் திரும்பி வந்து பார்த்தால், மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் இருபது இருபதாக, இம்மி பிசகாமல் பதினாறு அங்குலத்துக்கு வெட்டி, பலகை அடுக்குவது போல் அடுக்கி வைத்திருந்தார்.

அவளுக்குத் திக்கென்றது. பஞ்சு வைத்துத் தைப்பவர்கள் முதலில் துணியைப் பெரிதாகத்தான் வெட்டுவார்கள். தைத்து, அது சுருங்குகிற மட்டும் சுருங்கிய பிறகுதான் அளவுக்கு நறுக்குவார்கள். பலகையில் எத்தனை ஆணி அடித்தாலும் பலகை சின்னதாகாது, துணி ஆகும். இதை அவள் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மனிதர் முகத்தில் பெருமை அப்படி வழிந்தது. கொஞ்சம்தானே சுருங்கும், பார்த்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

நாத்தனார் திங்கட்கிழமை கிளம்புவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் இருபது கட்டங்களையும் தரையில் பரப்பி டேப்பை வைத்தபோதுதான் வண்டவாளம் வெளியே வந்தது. நெருக்கமாகக் கோடு ஓட்டியது நிறையச் சுருங்கியிருந்தது, இடைவிட்டு ஓட்டியது கொஞ்சம் சுருங்கியிருந்தது.

"ஒண்ணு பதினஞ்சரை, ஒண்ணு பதினஞ்சேகால், இது என்னன்னா பதினாலே முக்கால்ல நிக்குது," என்றாள்.

"நான் வெட்டினது சரியாத்தான் இருந்துச்சு," என்றார் கணவர்.

"வெட்டினது சரிங்க. தைச்சா சுருங்கும்னு உங்களுக்குத் தோணலையா?"

"நீதானே தையல்காரி. உனக்குத் தோணலையா?"

"தோணுச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்க அடுக்கி வெச்சிருந்த அழகைப் பார்த்துட்டு எப்படிங்க சொல்றது?"

திட்டுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவர் டேப்பைச் சுருட்டி மறுபடி நீட்டினார். சேர்க்க வேண்டுமானால் எல்லாவற்றையும் இருப்பதிலேயே சின்னதின் அளவுக்கு நறுக்கியாக வேண்டும். நீளத்தில் ஆறு அங்குலத்துக்கு மேல் போய்விடும். நாத்தனாரோ ஆறடிக்கு ஒரு விரல்தான் குறைவு. மலைக் குளிரில் தலையோடு மூடினால் காலடியில் செருக நீளம் போதாது, காலடியில் செருகினால் தலை வெளியே நிற்கும்.

பொடிசுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "'என்னடி இது, கைக்குட்டையா?'ன்னு கேட்டுட்டு வெச்சுட்டுப் போயிடுவாங்க. நான் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. உயிரைக் குடுத்தவங்களுக்கு ஒழுங்கா ஒரு போர்வை தைக்கத் துப்பில்ல எனக்கு."

கணவர் தலையைச் சொறிந்துகொண்டே கட்டங்களைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார்.

"கதவுல பலகை சின்னதாப் போயிட்டா கதவையா தூக்கிப் போடறோம்? நடுச்சட்டத்தை அகலமா வெச்சுச் சரிக்கட்டுவோம். உன் பட்டை என்ன அகலம்?"

"ஒரு அங்குலம்."

"மூணா வை."

பட்டை அகலமானால் உள்ளே வெறுமையாக இருக்குமே என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். வெறுமையாக ஏன் இருக்க வேண்டும்? பட்டைக்குள்ளும் அதே அகலத்துக்குப் பஞ்சு கொடுத்துவிட்டால் போயிற்று. நீளத்துக்கு நாலு பட்டை, ஒவ்வொன்றிலும் இரண்டு அங்குலம் கூடும், மொத்தம் எட்டு. குறைந்ததெல்லாம் வட்டியோடு திரும்பிவிடும். கெடுத்த மூளையே திருத்தியும் கொடுத்ததில் அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் கணவர் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். ஆனால் பட்டைக்கு இப்போது மூன்று மடங்கு துணி வேண்டுமே? கணவர் பெருமூச்சு விட்டு அலமாரியைத் திறந்து, தனக்குக் காற்சட்டை தைக்க வாங்கி வைத்திருந்த கருநீலத் துணியை எடுத்து வந்து தானாகவே நீட்டினார். அபராதம் என்று யாரும் சொல்லவில்லை.

வெள்ளியும் சனியும் தையல் மிஷின் ஓயவில்லை. முதலில் நாலு நாலு கட்டங்களைப் பக்கவாட்டில் சேர்த்து வரிசையாக்கினாள். கட்டத்தின் ஓரத்தில் மேல்பட்டையும் அடிப்பட்டையும் சேர்த்து ஒரு தையல், மேல்பட்டையின் மறு ஓரத்தை அடுத்த கட்டத்தோடு ஒரு தையல், நடுவில் பஞ்சு, பிறகு புரட்டிப் போட்டு, அடிப்பட்டையின் ஓரத்தை மடித்து ஊசியால் கைத்தையல். ஐந்து வரிசை ஆனதும் வரிசையோடு வரிசையைச் சேர்க்க ஆரம்பித்தாள். சனிக்கிழமை மத்தியானம் போர்வை இரண்டு பாதியாக நின்றது. கடைசி நீளத்தையல்தான் பாக்கி. சுமை மடியில் விழக்கூடாது என்று கணவர் ஒரு பாதியைத் தோளில் போட்டுக்கொண்டு, துணி நகர நகரத் தானும் அங்குலம் அங்குலமாக நகர்ந்துகொண்டிருந்தார்.

கதவு திறந்தே கிடந்தது. நாத்தனார் உள்ளே வந்து நின்றார்.

"நாளைக்குக் காலையிலேயே கிளம்பச் சொல்லிட்டாங்க. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்," என்றவர் தம்பியைப் பார்த்தார். "ஏன்டா, ஜவுளிக்கடை பொம்மை மாதிரி நிக்கிறே? யாருக்கு இது?"

"கஸ்டமருக்குக்கா."

"இவ்வளவு நெட்டையா என்னைத் தவிர எந்தக் கஸ்டமர்டா?"

நாத்தனார் போர்வையைச் சுற்றி வந்து, ஒரு பட்டையை அழுத்திப் பார்த்து, இன்னொன்றைப் புரட்டிப் பார்த்தார். "குளிருக்கு ஆகும். எடுத்துட்டுப் போறேன். ஆனா பேச்சு கீச்சு எதுவும் வேண்டாம், சொல்லிட்டேன்." தம்பியின் தோளிலிருந்து துணியை உருவித் தன் கைகளில் ஏந்திக்கொண்டார். "நீ இழுக்கிறே, தையல் கோணிக்கும். போய் டீ போடு."

போர்வையை வாங்கிக்கொண்டு வார்த்தையை வாசலிலேயே நிறுத்திவிட்டார். பொடிசு மிஷினை ஓட்டினாள். தையல் முடிந்ததும் போர்வையைப் புரட்டித் தரையில் விரித்தார்கள். கடைசி அடிப்பட்டைக்கு ஐந்தரை அடி நீளத்துக்குக் கைத்தையல் பாக்கி இருந்தது. "இன்னொரு ஊசி இருக்கா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு நாத்தனார் ஒரு முனையில் உட்கார்ந்தார். பொடிசு மறுமுனையில் உட்கார்ந்தாள். சுற்று ஓரத்துக்குப் பட்டை கட்ட இனி நேரமில்லை. துணியைக் கொடுத்தனுப்பு, மலையில் சாயங்காலம் எனக்கு வேறென்ன வேலை, நானே கட்டிக்கொள்கிறேன் என்று நாத்தனார் சொல்லிவிட்டார். இரண்டு ஊசிகளும் இரு முனையிலிருந்தும் நடுவை நோக்கி ஓடின. நடுவில் ஒரு முழம் மிச்சமிருந்தபோது பொடிசுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணி..."

"ஆரம்பிச்சுட்டியா?"

"ஒரே ஒரு வார்த்தை அண்ணி."

"வேண்டாம்னா விடேன்!" குரல் எகிறியது. அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. நாத்தனார் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். "உனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சா சொல்லவே மாட்டே. முதல்ல இவன் போன் பண்ணிக் கேட்டப்ப நான் என்ன சொன்னேன் தெரியுமா? மாட்டேன்னு சொன்னேன். அவளுக்காக நான் ஏன்டா கத்திக்குக் கீழ படுக்கணும்னு கேட்டேன். பதினேழு நாள் இவன் போனை நான் எடுக்கல. நீ இங்க வீங்கிப்போய்க் கிடந்தே. நான் அங்க வண்டி நேரம் எழுதிக்கிட்டு உக்காந்திருந்தேன். இந்த லட்சணத்துக்கு நன்றி ஒண்ணுதான் குறைச்சல்."

"தெரியும் அண்ணி."

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன்."

நாத்தனாரின் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து போய்விடுவாரோ என்று பொடிசு பயந்தாள். போனால் போகட்டும், சொல்லிவிட வேண்டும் என்று மளமளவென்று கொட்டினாள்.

"கோபம் வந்துச்சு அண்ணி, வரலைன்னு பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் யோசிச்சுப் பார்த்தா, நானா இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். பதினெட்டாம் நாள் நீங்க பையைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னீங்க. கையெழுத்துப் போடறப்ப உங்க கை அப்படி நடுங்குச்சு. பயமே இல்லாத யாரோ குடுத்திருந்தா, அவங்களுக்கு என்ன, சுலபமாக் குடுத்தாங்கன்னு நினைச்சிருப்பேன். நீங்க அவ்வளவு பயத்தையும் வெச்சுக்கிட்டு வந்தீங்க. நான் சொல்ல வந்தது அதுக்குத்தான். அந்தப் பதினேழு நாளுக்கும் சேர்த்துத்தான்."

நாத்தனார் ஊசியைப் பிடுங்கி நாலு தையல் போட்டார். நாலும் கோணல். டிப்போவில் டிரைவர்களையெல்லாம் அலற விடுகிற மனுஷி மூக்கை உறிஞ்சினார்.

"சரி, சொல்லு," என்றார், துணியிலிருந்து தலையைத் தூக்காமல். "ஒரே தடவைதான்."

ஐந்து மாதமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த நீளமான பேச்சு ஒன்று பொடிசிடம் இருந்தது. அதில் ஒரு வரிகூட வாய்க்கு வரவில்லை.

"நன்றி அண்ணி," என்றாள்.

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"வாங்கிக்கிட்டேன்," என்றார்.