புயலுக்கு ஒரு பர்மிட்

மருமகளை அந்த வீட்டில் மாடுகள்கூட மதித்ததில்லை. கல்யாணமாகி வந்த மூன்று வருடத்தில் ஒரு மாடு அவளை உதைத்தது, இன்னொன்று அவளுடைய கம்பளிச் சட்டையின் கையைத் தின்றது. அவள் கழுவி வைத்த பால் கேனை மாமியார் அவள் கண்ணெதிரிலேயே எடுத்து இன்னொரு தடவை கழுவுவார். வாய் திறந்து ஒரு குறை சொல்ல மாட்டார், அதுதான் கொடுமை. சொன்னாலாவது பதிலுக்கு ஏதாவது சொல்லலாம்.

அப்படிப்பட்டவள் போன வருடம் ஒரு நாள், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது துணிந்து பேசினாள். "மாமா, நம்ம மேட்டு நிலத்தைச் சுத்தி சைக்கிள் பாதை போட்டா என்ன? மலையில, கரடுமுரடுல ஓட்டுறதுக்குன்னே சைக்கிள் வச்சிருக்கிறவங்க டவுன்ல நிறையப் பேர் இருக்காங்க. பர்மிட் போட்டுக் காசு வாங்கிட்டு விடலாம்."

மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார். "வர்றவன் போறவன் எல்லாம் நம்ம மாட்டு நடுவுல மணியடிச்சுட்டுப் போவான், நாம வேடிக்கை பார்க்கணுமா? நல்லா இருக்கு கூத்து!" கூடவே கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார்.

கொட்டகைக் கூரை ஒழுகிக்கொண்டிருந்ததால் மாமனார் மட்டும் யோசித்தார். "ஒரு சீசன் பார்ப்போம். மாட்டுக்கு ஒரே ஒரு தொந்தரவு வரட்டும், அன்னைக்கே இழுத்து மூடிடுவேன்" என்றார்.

மருமகளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வீட்டில் அவளுடையது என்று சொல்லிக்கொள்ள முதல்முறையாக ஒன்று கிடைத்திருந்தது. பாதைக்கு அடையாளக் குச்சி நட்டாள், ஓடையின் மேல் பலகை போட்டாள், கேட்டுக்குக் கேட் போர்டு எழுதி மாட்டினாள். சனி ஞாயிறுகளில் பால் விற்கிற ஜன்னலிலேயே பர்மிட்டும் விற்றாள். மற்ற நாட்களில் வருபவர்களுக்கு நுழைவாயிலில் ஒரு தகரப் பெட்டி. சீட்டில் பெயர் எழுதி, ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு போன் நம்பரும் எழுதி, பாதியைக் காசோடு பெட்டியில் போட்டுவிட்டு மீதிப் பாதியைச் சைக்கிளில் கட்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

ஜனங்கள் வந்தார்கள். பல் டாக்டர் ஒருவர் முதல் வாரமே தலைகுப்புறச் சேற்றில் விழுந்து, அடுத்த வாரம் இரண்டு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். "விழுந்து எழுந்து, பிரமாதம்னு சொல்லிட்டு, காசும் கொடுத்துட்டுப் போறாங்கப்பா!" என்று மாமனார் பார்ப்பவர்களிடம் எல்லாம் சொன்னார். புதுக் கூரை வந்தது. மாமியார் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். அவருடைய முழங்கால் வலிக்கு நடக்கச் சொல்லியிருந்தார் ஊர் டாக்டர். அதனால் மாமனார் தீவனக் கடைக்குப் போகிற புதன்கிழமைகளில் மாமியார் காலையில் கிளம்பினால் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டுத்தான் வருவார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, அந்தப் புதன்கிழமை வரை.

மேய்ச்சல் நிலத்துக்கும் குளத்துக்கும் நடுவே ஒரு இரும்புக் கேட் உண்டு. வெயில் காலம் முழுக்க அது திறந்தே கிடக்க வேண்டும். மாடுகள் அந்த வழியாகத்தான் தண்ணீருக்கு இறங்கும். 'திறந்திருந்தால் திறந்தபடி விடவும், மூடியிருந்தால் மூடியபடி விடவும்' என்று கொட்டை எழுத்தில் போர்டும் இருந்தது. அன்று சாயங்காலம் மாமனார் போய்ப் பார்த்தால், கேட் மூடிக் கிடக்கிறது. இருபத்து மூன்று மாடும் நாக்கு வறண்டு, கம்பியில் தலையை முட்டிக்கொண்டு கத்துகின்றன. அன்றைக்குப் பால் பாதிதான் கறந்தது.

மாமனாருக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. "நாளைக்கு ராத்திரி சாப்பாட்டுக்குள்ள யாருன்னு கண்டுபிடி" என்றார் மெதுவாக. "அந்த ஆளுக்கு இனிமே இந்த நிலத்துல பர்மிட் கிடையாது. கண்டுபிடிக்க முடியலைன்னா யாருக்குமே கிடையாது. நான் தீவனக் கடையிலிருந்து சீக்கிரமா திரும்பி வரும்போது பச்சை ஹெல்மெட் போட்ட ஒரு பையனைத் தூரத்துல பார்த்தேன். அவனா இருக்காது, ரொம்ப ஒழுங்கா ஓட்டினான்."

"சரி மாமா" என்றாள் மருமகள்.

வியாழக்கிழமை காலை தகரப் பெட்டியைக் கொண்டுவந்து பால் அறை மேசையில் கவிழ்த்தாள். இத்தனை நாளும் காசை மட்டும் எண்ணிவிட்டுச் சீட்டுகளைப் படிக்காமலே கட்டி வைத்துவிடுவாள். புதன்கிழமைக்கு நான்கே சீட்டு. முதலாவது பல் டாக்டர். போன் போட்டுக் கேட்டாள். "நான் ஒன்பது மணிக்கே போயிட்டேம்மா, கேட் ஜம்முனு திறந்திருந்துச்சு" என்றார். அடுத்த இரண்டும் அக்கா தங்கை. அவர்கள் மேட்டுப் பக்கமே போகவில்லையாம், பாதி வழியில் சண்டை வந்து திரும்பிவிட்டார்களாம். என்ன சண்டை என்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது.

நான்காவது சீட்டில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'புயல்' என்று எழுதியிருந்தது.

"புயலாம் புயல்! இரு, உன்னை வச்சுக்கிறேன்" என்று கறுவிக்கொண்டு நம்பரை ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து அழுத்தினாள். லைன் பிஸி. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அழுத்தினாள். பிஸி. மூன்றாவது தடவையும் பிஸி. "யாருய்யா இது, காலையிலிருந்து வாயை மூடாம பேசிட்டே இருக்கிறது?" என்று போனைத் திட்டிவிட்டு, சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அப்போதுதான் உறைத்தது. அது அவளுடைய நம்பர். தன் நம்பருக்குத் தானே யார் போன் போட்டுப் பழகியிருக்கிறார்கள்?

யாரோ கிண்டல் செய்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அந்த நாலு. கவிழ்த்துப் போட்ட நாற்காலி மாதிரி ஒரு நாலு. எதிர்ச் சுவரில், எந்த மாடு எத்தனை லிட்டர் என்று எழுதுகிற பலகையில் அதே நாற்காலி ஆறு இடத்தில் கவிழ்ந்து கிடந்தது. அந்த வீட்டில் நாலை அப்படி எழுதுகிற ஆள் ஒருவர்தான்.

மாமியார் வைக்கோல் கொட்டகையில் இருந்தார். மருமகள் கையில் சீட்டைப் பார்த்ததும் பேயறைந்தது போல நின்றார். பிறகு வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து மகனுடைய பழைய சைக்கிளை இழுத்து வெளியே நிறுத்தினார். அதன் கைப்பிடியில் ஒரு பச்சை ஹெல்மெட் தொங்கியது.

"அத்தை! நீங்களா?"

"கத்தாதேம்மா. ஊருக்கே கேட்கும்."

"நடக்கிறேன்னு சொன்னீங்களே!"

"ஏத்தத்துல இறங்கி நடந்துதானே தள்ளுறேன்?" என்றார் மாமியார். அதற்குள் அவர் முகத்தில் வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டன. "பதிமூணு வாரமா ஓட்டுறேன். சின்ன வயசுல பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள்லதான் போவேன். நீ பாதை போட்ட அன்னைக்கே ஓட்டணும்னு தோணிடுச்சு. வேண்டாம்னு அந்தக் கத்துக் கத்திட்டு, எந்த மூஞ்சியை வச்சுட்டுக் கேட்கிறது?"

"கேட்டை ஏன் அத்தை மூடினீங்க? உங்களுக்குத் தெரியாததா?"

"உங்க மாமாதான் காரணம். குளத்துப் பக்கம் இறங்கினேன், திரும்பிப் பார்த்தா டிராக்டர்ல வர்றார். கேட்டை மூடினா, அவர் நிறுத்தி இறங்கித் திறக்கிறதுக்குள்ள நான் மறைஞ்சுடலாம்னு மூடினேன். எப்படியும் அவர்தான் திறந்து வச்சுட்டு வருவாரேன்னு விட்டுட்டேன். மனுஷன் பாதியில திரும்பிப் பக்கத்து நிலத்துக்காரர்கிட்ட கதை பேசப் போயிட்டார்." சிரிப்பு அடங்கிவிட்டது. "மாடு தண்ணி இல்லாம நின்னுச்சுன்னு கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கலை. ஆனா அவர்கிட்ட சொல்லாதேம்மா. பர்மிட்டும் போயிடும், மானமும் போயிடும்."

மருமகள் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். சொன்னால் பாதை பிழைக்கும். அவள் நட்ட குச்சி, அவள் போட்ட பலகை எல்லாம் பிழைக்கும். ஆனால் இந்த வீட்டில் ஒருவர் ரகசியமாக ஒரு காரியம் செய்யக் கிளம்பி, தனக்கு ஒன்று ஆனால் கூப்பிடச் சொல்லி இவளுடைய நம்பரை எழுதியிருக்கிறார். பதிமூன்று வாரமாக எழுதியிருக்கிறார். அதை எடுத்துக்கொண்டு போய் எப்படிக் காட்டிக் கொடுப்பது?

ராத்திரிச் சாப்பாட்டில் மாமனார் தட்டில் கை வைக்காமல் கேட்டார். "என்னம்மா, யாரு?"

மருமகள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கண்டுபிடிக்க முடியலை மாமா. பாதையை மூடிடுங்க."

மாமியார் எழுந்து வெளியே போனார். திரும்பி வந்து, சாப்பாட்டு மேசை நடுவே, குழம்புப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், பச்சை ஹெல்மெட்டை டொக்கென்று வைத்தார்.

"நான்தான்" என்றார்.

மாமனார் ஹெல்மெட்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி ஹெல்மெட்டைப் பார்த்தார். "அந்தப் பையன்..."

"பையனும் இல்லை, கிய்யனும் இல்லை. நான்தான். கேட்டை மூடினது தப்பு, ஒத்துக்கிறேன். நீங்க ஏன் பாதியில திரும்பினீங்க? அதையும் சொல்லுங்க!"

மாமனாருக்கு முதலில் இருமல்தான் வந்தது. பிறகு அது சிரிப்பாக மாறி, மேசையே குலுங்கியது. மகன் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். "முழங்கால் வலின்னு தைலம் தேய்ச்சு விட்டேனேடி!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி சரி, பாதை இருக்கட்டும். இனிமே உனக்கு எதுக்குச் சீட்டு? நம்ம நிலத்துக்கு நாமளே காசு கட்டுவோமா?"

"கட்டுவேன்" என்றார் மாமியார். "சும்மா போனா, கன்னுக்குட்டியைப் பார், தீவனம் வந்திருக்கான்னு பார்னு நூறு தடவை கூப்பிடுவீங்க. காசு கட்டினா அந்த ரெண்டு மணி நேரம் என்னோடது. புதன்கிழமை பால் கேனை நீங்க கழுவுங்க."

மாமனார் மருமகளிடமிருந்து சீட்டை வாங்கித் தூரமாகப் பிடித்துப் படித்தார். 'புயல்' என்பதைப் பார்த்து மறுபடி ஒரு சுற்றுச் சிரித்தார். பிறகு அவர் விரல் நம்பரில் நின்றது. "இது என் நம்பர் இல்லையே" என்றார். குரலில் சின்ன வருத்தம் இருந்தது.

"உங்களைக் கூப்பிட்டா, முதல்ல 'ஏன் போனே'ன்னு கேட்பீங்க" என்றார் மாமியார். "இவ 'எங்க இருக்கீங்க'ன்னு கேட்பா."

மருமகள் அழுதுவிட்டாள். சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டு, சிரித்துக்கொண்டே அழுதாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அடுத்த புதன்கிழமை, மணி பன்னிரண்டரை ஆகியும் மாமியார் வரவில்லை. மாமனார் கழுவிக்கொண்டிருந்த கேனை வைத்துவிட்டு, ஈரக் கையோடு போனை எடுத்தார். மணி அடித்தது. மறுமுனையில் எடுத்ததும் "ஏ..." என்று ஆரம்பித்தவர், பக்கத்தில் நின்ற மருமகளைப் பார்த்தார். எச்சிலை விழுங்கினார்.

"எங்க இருக்க?" என்று கேட்டார்.

"மேட்டு உச்சியில!" என்று காற்றுச் சத்தத்துக்கு நடுவே மாமியாரின் குரல் கேட்டது. "இறங்கப் போறேன், போனை வைங்க!"

மாமனார் போனை வைத்தார். "வைக்கச் சொல்லிட்டா" என்றார் மருமகளிடம், ஏதோ பரிசு வாங்கியவர் போல.