நேசமலருக்கு வந்த வசனம்

வேதாகமத்தைத் திறப்பதற்கு முன் இருதயத்தை ஆயத்தப்படுத்த வேண்டும் என்று போதகர் ஞாயிறு ஆராதனையில் சொன்னாலும் சொன்னார், திங்கட்கிழமையிலிருந்து நேசமலரின் வீட்டில் ஒரு மனிதர் நிம்மதியாகத் தொண்டையைச் செருமக்கூட முடியாமல் போய்விட்டது.

அந்த மனிதர் அவளுடைய கணவர் பாலசுந்தரம். மகன் மெல்பேணுக்குப் போன பிறகு வெள்ளவத்தைத் தொடர்மாடியின் நான்காம் தட்டில் இவர்கள் இருவர்தான். பாலசுந்தரம் சைவக்காரர். கலியாணம் செய்த நாளிலிருந்து அவருடைய விபூதி ஒரு அறையிலும் அவளுடைய வேதாகமம் மற்ற அறையிலுமாக, எல்லைத் தகராறு இல்லாமல் வாழ்ந்து வந்தவர்கள். இந்த வாரம்தான் அந்த எல்லை மீறப்பட்டது. விடியற்காலையில் அவர் தேத்தண்ணீருக்குக் கேத்தலை அடுப்பில் வைத்தாலே முன்னறையிலிருந்து 'உஷ்' என்றொரு சத்தம் வந்தது.

நேசமலர் அங்கே ஆயத்தப்பட்டுக்கொண்டிருப்பாள். குளித்து, வெளுத்த சேலை உடுத்து, மேசைக்கு மடிப்புக் கலையாத விரிப்பு விரித்து, மூக்குக்கண்ணாடியை இரண்டு தரம் துடைத்து, நிறப் பென்சில்களைக் கூராக்கி வரிசையில் வைப்பாள். வாக்குத்தத்தங்களுக்கு மஞ்சள், ஸ்தோத்திரங்களுக்குப் பச்சை. சிவப்பு எதற்கென்று அவள் யாருக்கும் சொன்னதில்லை. கைபேசியை அலுமாரியில் சேலைகளுக்கு நடுவே புதைத்துவிடுவாள். அது அங்கே கிடந்து அதிர்ந்து அதிர்ந்து அடங்கும். பிறகு கண்ணை மூடுவாள். மூடியதும் கடற்கரை ரெயில் போகும். ரெயில் போய் முடிந்தால் தண்ணீர் மோட்டார் உறுமும். மோட்டார் நின்றால் மேல் வீட்டு லுத்பியா தேங்காய் துருவத் தொடங்குவாள். இந்தக் கொழும்பிலே ஒரு மனுஷி கடவுளோடு கால் மணித்தியாலம் தனியே இருக்க வழியில்லை என்று நேசமலருக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

இத்தனைக்கும் காரணம் ஒரு கலியாணம். நேசமலருக்கு ஒரே ஒரு தங்கை, இதே கொழும்பில் கொட்டாஞ்சேனையில் இருக்கும் தயாமலர். தயாமலருக்கு ஒரே ஒரு மகள், ஜெருஷா. ஜெருஷாவுக்கு வரும் சனிக்கிழமை கலியாணம். அழைப்பிதழ் நேசமலருக்கு வாட்ஸ்அப்பில் வந்திருந்தது.

வாட்ஸ்அப்பில். தூரத்துச் சொந்தத்துக்குக்கூடப் புருசனும் பெண்சாதியுமாக வீடு தேடிப் போய், கொஞ்ச நேரம் இருந்து, ஒரு வாய் தேத்தண்ணீர் குடித்து, இரண்டு கையாலும் கார்ட்டை நீட்டி, 'கட்டாயம் வரவேணும்' என்று சொல்வதுதான் யாழ்ப்பாணத்து ஆட்களின் முறை. கொழும்புக்கு வந்து எத்தனை காலமானாலும் அந்த முறையில் யாரும் கைவைக்கவில்லை. கொட்டாஞ்சேனை ஒன்றும் கனடா இல்லையே. கூடப்பிறந்த அக்காளுக்கு ஒரு படமும், படத்துக்குக் கீழே கும்பிடுகிற கை இரண்டும். நேசமலர் பார்த்தாள், பதில் போடவில்லை. அதற்குப் பிறகு தயாமலர் தினமும் விடியற்காலையில் தொலைபேசி எடுத்தாள். அலுமாரிக்குள் அதிர்ந்தது யாருடைய அழைப்பு என்று நேசமலருக்கு நன்றாகவே தெரியும். வாய் இருப்பவள் காலால் நடந்து வரட்டும் என்பது அவள் கணக்கு.

கலியாணத்துக்குப் போகாமல் விடுவதில் அவளுக்குச் சிக்கலே இல்லை. போகாமல் விடுவது சரிதான் என்று கடவுள் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், அதில்தான் சிக்கல். தங்கை மகளின் கலியாணத்துக்குப் போகாத பெரியம்மா, பிறகு அந்த வீட்டுக்குச் செத்தவீட்டுக்குத்தான் போகலாம். அதுவும் யாருடைய செத்தவீடு என்பதைப் பொறுத்தது. அது அவளுக்குத் தெரியாமலில்லை. அதனால்தான் மேலிடத்து உத்தரவு வேண்டியிருந்தது.

மேலிடமோ ஒத்துழைக்கவில்லை. திங்கட்கிழமை கண்ணை மூடிக்கொண்டு திறந்த இடத்தில் வம்ச வரலாறு வந்தது. செவ்வாய்க்கிழமை, வீட்டுச் சுவரில் பூஞ்சணம் பிடித்தால் என்ன செய்யவேண்டும் என்ற சட்டம். புதன்கிழமை அவளே பழக்கத்தில் தேடிப் போய், நன்றி கெட்டவர்களைப் பற்றிய ஒரு நல்ல சூடான பகுதியை வாசித்துச் சிவப்புக் கோடு போட்டு ஆறுதலடைந்தாள். வியாழக்கிழமை, சகோதரனை எத்தனை தரம் மன்னிக்கவேண்டும் என்று பேதுரு கேட்ட இடம் கண்ணில் பட்டது. இது தயாமலருக்கு எழுதப்பட்டது என்று அதற்கும் சிவப்பில் ஒரு கோடு போட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.

வெள்ளி காலையில் பாலசுந்தரத்தின் பொறுமை முடிந்துபோனது.

"நேசம், நாளைக்கு என்ன முடிவு? போறதெண்டால் நான் சேட்டு அயர்ன் பண்ணோணும்."

"உங்களுக்கென்ன அவசரம்? நான் இன்னும் ஆண்டவரட்டக் கேட்டு முடியேல்லை."

"அஞ்சு நாளாக் கேக்கிறீர். அவர் சொன்னது காதில விழேல்லையோ, இல்லாட்டி விழுந்தது பிடிக்கேல்லையோ?"

"உங்களுக்கு உது விளங்காது. இவ்வளவு காலமும் நான் அவளுக்கு எவ்வளவு செய்தனான். அவளின்ர பிள்ளைப்பேற்றுக்கு நான்தானே லீவு போட்டு நிண்டு பத்தியம் வச்சனான். ஒருக்காலும் அந்தக் குடும்பத்தின்ர சொல்லை நான் தட்டினதில்லை. எனக்கு ஒரு கார்ட், ஒரே ஒரு கார்ட் கையில தர ஏலாமப் போச்சு அவளுக்கு."

பாலசுந்தரம் கேத்தலைப் பார்த்தார். "அவளும் எத்தினை தரம் போன் எடுத்திட்டாள்," என்றார்.

"எடுக்கட்டும்."

அவர் தேத்தண்ணீரை எடுத்துக்கொண்டு பல்கணிக்குப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் நேசமலர் வீட்டில் ஜெபக்கூட்டம். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவளுடைய முறை. தேவாலயத்தைச் சேர்ந்த ஏழெட்டுப் பேர் வருவார்கள். ஓய்வு பெற்ற செல்வதுரை மாஸ்டர் நடத்துவார். வேதபகுதியை வட்டமாக இருந்து ஆளுக்கொரு வசனமாக வாசிப்பது வழக்கம்.

இந்த வாசிப்பில் ஒரு கூத்து உண்டு, வாசித்துப் பழகிய எல்லாருக்கும் தெரியும், யாரும் வெளியே சொல்வதில்லை. அதிகாரத்தை மாஸ்டர் அறிவித்ததுமே எல்லாரும் தலையை எண்ணத் தொடங்கிவிடுவார்கள். தனக்கு எந்த வசனம் வரும் என்று பார்த்து, வாய்க்குள் நுழையாத பெயர் ஏதாவது இருக்கிறதா என்று சோதித்து, உதட்டுக்குள்ளேயே இரண்டு தரம் ஒத்திகை பார்த்துக்கொள்வார்கள். தன் வசனம் வரும் வரை பதற்றம், வாசித்து முடித்த பிறகு நிம்மதி. இந்த இரண்டுக்கும் நடுவில் மற்றவர்கள் வாசிப்பது யாருடைய காதிலும் விழுவதில்லை. அழகாக வாசிப்பாள் என்று பெயரெடுத்த நேசமலர் எண்ணுவதிலும் கெட்டிக்காரி.

அன்றைக்கு மாஸ்டர் எடுத்தது லூக்கா எழுதியதிலிருந்து, தகப்பன் சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு ஊரை விட்டுப் போன இளைய மகனின் கதை. ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கே மனப்பாடமான கதை. இதைக் கேட்டு இனிப் புதிதாக என்ன வரப்போகிறது என்று நேசமலருக்கு உள்ளுக்குள் அலுப்புத் தட்டியது. மாஸ்டர் தொடங்குவார், அடுத்தது மிஸிஸ் சவரிமுத்து, பிறகு தான். மூன்று சுற்று வரும். முதற்சுற்றில் மகன் தூரதேசம் போவது. இரண்டாவதில் அவன் திரும்பி வருவது. மூன்றாவதில் கொழுத்த கன்றை அடித்த செய்தியை வேலைக்காரன் சொல்வது. கரடுமுரடு ஒன்றுமில்லை. பார்த்து முடித்ததும் அவள் மனம் குசினிக்குப் போய்விட்டது. கடையில் எடுத்த ரோல்ஸ் பலகாரம் எல்லாருக்கும் காணுமா, குறைந்துவிடுமா என்பது பெரிய கேள்வியாக இருந்தது.

இரண்டாவது சுற்றில், தூரத்தில் வரும் மகனைக் கண்டு தகப்பன் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிற வசனம் அவளுக்கு வந்தது. வெண்கலக் குரலில், நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி வாசித்தாள். மிஸிஸ் சவரிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாசித்தவள் ரோல்ஸைச் சூடாக்குவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கடற்பக்கமிருந்து மழை சாய்வாக அடித்தது. பல்கணியில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த பாலசுந்தரம் பாதி நனைந்தபடி கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். முன்னறையில் இடமேது. மிஸிஸ் சவரிமுத்துவுக்கும் நேசமலருக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருந்தது. அதில் கதிரையை வைத்து ஒடுங்கிக்கொண்டு இருந்துவிட்டார். இந்த மனுசனுக்கு நேரம் காலம் தெரியாது என்று நேசமலர் பல்லைக் கடித்தாள்.

மூன்றாவது சுற்று வந்தது. மாஸ்டர் வாசித்தார். மிஸிஸ் சவரிமுத்து வாசித்தாள். வாசித்து முடித்தவள் பழக்கதோஷத்தில் தன் வேதாகமத்தை அடுத்த கதிரைக்குச் சரித்து, வசனத்தை விரலால் தொட்டும் காட்டிவிட்டாள். அடுத்த கதிரையில் பாலசுந்தரம். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். மாட்டேன் என்று சொல்வது மரியாதையில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, செய்தி வாசிப்பவரைப் போல, தம்பி வந்துவிட்டான், அதனால் உன் தகப்பன் கன்றடித்திருக்கிறார் என்று வேலைக்காரன் சொன்ன வசனத்தை நிதானமாக வாசித்து முடித்தார்.

அது நேசமலரின் வசனம். அவளுக்கு வந்த கோபத்தில் எல்லாரும் தனக்காகக் காத்திருப்பதைக்கூடக் கவனிக்கவில்லை. மாஸ்டர் செருமினார். ஒத்திகை பார்க்காத அடுத்த வசனத்தில் அவள் அவசரமாக விரலை வைத்து வாயைத் திறந்தாள்.

மூத்தவனுக்குக் கோபம் வந்தது என்று வாசித்தாள். வீட்டுக்குள்ளே போக அவனுக்கு மனமில்லை என்று வாசித்தாள். அந்த இடத்தில் குரல் நின்றுபோனது. மிச்சம் அரை வரிதான். தகப்பன் வெளியே வந்து அவனை வருந்தி அழைத்தான் என்ற அரை வரி. அதை வாசிக்க அவளால் முடியவில்லை. அலுமாரிக்குள் சேலைகளுக்கு நடுவே அதிர்ந்து அதிர்ந்து அடங்கிய சத்தம் காதுக்குள் கேட்டது.

"நேசமக்கா, தண்ணி குடிக்கிறியளோ?" என்றாள் மிஸிஸ் சவரிமுத்து.

"வேண்டாம்." அரை வரியையும் வாசித்து முடித்தாள்.

இப்போது எண்ணுவதற்கு அவளுக்கு ஒன்றுமில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அடுத்தவர் வாசிப்பது காதில் விழுந்தது. அடுத்த கதிரைக்காரி, மூத்தவன் தகப்பனிடம் முறையிடுவதைத் தட்டுத்தடுமாறி வாசித்தாள். இத்தனை காலம் உழைத்ததும், ஒருதரமும் சொல் தட்டாததும், தனக்கென்று ஒரு ஆட்டுக்குட்டிகூடத் தராததும். பாலசுந்தரம் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். காலையில் குசினியில் கேட்டதை அவரும் மறக்கவில்லை. பார்த்தவர் திரும்பிக்கொண்டார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் அவளுக்குச் சண்டை பிடிக்க வசதியாக இருந்திருக்கும்.

நேசமலருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது. ஐந்து நாளாக மேசையை ஆயத்தப்படுத்தினாள், சேலையை ஆயத்தப்படுத்தினாள், பென்சிலை ஆயத்தப்படுத்தினாள். உள்ளே இருந்ததை மட்டும் ஒரு விரலாலும் தொடவில்லை. அதைப் பூட்டி வைத்துக்கொண்டுதான் தினமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இதைச் சொல்ல அந்த மழையையும் இந்த மனுசனையுமா அனுப்பவேண்டும்.

கூட்டம் முடிந்தது. ரோல்ஸ் காணும் காணும் என்று மிஞ்சியது. கடைசி ஆள் படியிறங்கியதும் நேசமலர் மிச்ச ரோல்ஸைச் சூடாக்கி ஒரு பெட்டியில் அடுக்கினாள்.

"எங்க வெளிக்கிடுறீர்?" என்றார் பாலசுந்தரம்.

"கொட்டாஞ்சேனைக்கு."

"கலியாணம் நாளைக்கெல்லோ?"

"கேள்வி கேக்காமல் குடையை எடுங்கோ."

பெருந்தெருவான காலி வீதியில் மழைக்கு ஓட்டோ கிடைப்பதற்குள் இருவரும் முழங்கால்வரை நனைந்தார்கள். வழி நெடுக நேசமலர் ஓட்டோக்காரனை, நெரிசலை, மழையை, வாட்ஸ்அப்பைக் கண்டுபிடித்தவனை எல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். கோபம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அது மடியிலிருந்த ரோல்ஸ் பெட்டியைப் போலச் சூடாகவே இருந்தது. அதையும் தூக்கிக்கொண்டுதான் போனாள்.

தயாமலர் வீட்டு வாசலில் நிறநிறமாக மின்குமிழ்கள் தொங்கின. உள்ளே பலகாரம் சுடுகிற மணமும் சிரிப்புச் சத்தமும். படியில் கால் வைத்தவள் நின்றுவிட்டாள். பாலசுந்தரம் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். அவளைத் தள்ளவும் இல்லை, போகலாம் என்று சொல்லவும் இல்லை. யாரோ பார்த்துவிட்டு உள்ளே சொல்லியிருக்க வேண்டும். கையெல்லாம் மாவோடு தயாமலர் மழைக்குள்ளேயே ஓடி வந்தாள். வந்தவள் இரண்டடி தள்ளி நின்றுவிட்டாள்.

"அக்கா."

"ஒரு கார்ட் கொண்டு வந்து தர ஏலாமப் போச்சோ உனக்கு?"

தயாமலர் முந்தானையில் கையைத் துடைத்தாள். "கார்ட் பைக்குள்ளதான் கிடந்தது அக்கா. வெள்ளவத்தை வரைக்கும் வந்திட்டுத் திரும்பினனான்."

"ஏன்?"

"வந்தா முதலில பைபிளைத் திறந்து எனக்கு ரெண்டு வசனம் வாசிப்பியள். ஒவ்வொருக்காலும் அப்பிடித்தானே. மகளின்ர கலியாண நேரத்தில அதையும் வாங்கிக்கொண்டு வர எனக்குத் தைரியம் வரேல்லை." கண் கலங்கியபடி அக்காளின் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள். "இப்பவும் பைக்குள்ள இருக்குத்தானே?"

நேசமலரின் கை தானாகப் பையைத் தொட்டது. கூட்டத்துக்கு வெளியே எடுத்ததை அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புக் கோடு போட்ட அதே புத்தகம்.

"இருக்கு," என்றாள். "அது எனக்கு வாசிக்கிறதுக்கு."

தயாமலருக்கு அது விளங்கவில்லை. விளங்கப்படுத்துகிற பொறுமையும் நேசமலருக்கு இல்லை. ரோல்ஸ் பெட்டியைத் தங்கையின் மாவுக் கையில் திணித்தாள்.

"மழைக்குள்ள நிண்டு என்ன பாக்கிறாய், தள்ளு. நான் உள்ள போகோணும்."