வாசிப்பு மண்டபத்துக்கு ஒரு கையெழுத்து

இனிப்புப் பெட்டியை மேசைமேல் வைத்த கையோடு ஜர்யெஸ் அதன் பக்கத்தில் ஒரு தாளையும் வைத்தான். தாளின் மேல் ஒரு பேனா. அப்போதுதான் காபிக் கிண்ணங்களைக் கழுவிவிட்டு வந்த நுஹா, கை ஈரத்தைத் துடைக்காமல் நின்றாள்.

“என்னடா இது?”

“ஒண்ணுமில்லக்கா. எல்லா வீட்லயும் எழுதுற பேப்பர்தான். குனாஃபா சூடா இருக்கு, முதல்ல சாப்பிடு. அப்புறம் கீழ ஒரு கையெழுத்து.”

விடுதலைப் பத்திரம். அப்பா யாகூப்பின் மேற்குச் சாலைக் கோதுமை நிலத்திலும், அவர்கள் நின்றுகொண்டிருந்த இந்த வீட்டிலும் தனக்குள்ள பாகத்தை, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், மனமுவந்து, தம்பிக்கு விட்டுக்கொடுப்பதாக நுஹா சொல்கிறாள் என்று அதில் எழுதியிருந்தது.

ஒருவர் இறந்து மூன்று மாதம் ஆகும்வரை இப்படி எழுதி வாங்கக் கூடாது என்று சட்டம் உண்டு. துக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் எதையும் வாங்கிவிடலாம் என்று தெரிந்த யாரோ போட்ட சட்டம். அப்பா இறந்து அந்த மூன்று மாதம் நேற்றோடு முடிந்திருந்தது. இன்று காலை பத்து மணிக்கு ஜர்யெஸ் வந்துவிட்டான்.

“சட்டப்படி உனக்கு ரெண்டு பங்கு, எனக்கு ஒரு பங்கு,” என்றாள் நுஹா. “அந்த ஒண்ணும் வேணுமா?”

“வேணும்னு நான் சொல்லலக்கா. நிலம் யாகூப் குடும்பத்தோட நிலம். நாளைக்கு அது வெளியாள் கைக்குப் போகக் கூடாது.”

“நான் வெளியாளா? எனக்குக் கல்யாணமும் ஆகல. நாப்பத்தாறு வயசாச்சு. இனிமே எந்த வெளியாள்டா வரப்போறான்?”

“அப்ப உனக்கு நிலம் எதுக்கு? இந்த வீட்ல உன் ரூம் சாகுறவரைக்கும் உன் ரூம்தான். நான் இல்லன்னு சொன்னேனா?”

தாய் செத்தபோது ஜர்யெஸுக்கு எட்டு வயது, நுஹாவுக்குப் பதினொன்று. அவனுக்குத் தலை வாரிவிட்டவள் அவள். பக்கவாதத்தில் விழுந்த அப்பாவை ஆறு வருஷம் புரட்டிப் படுக்கவைத்தவளும் அவள்தான். அவள் வளர்த்த பிள்ளை அவளுக்கு ஒரு அறையைத் தானமாகத் தந்துகொண்டிருந்தான்.

“ரூலா எங்க?”

“கார்ல இருக்கா. தலைவலியாம்.”

நுஹா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தெருவில் நின்ற காருக்குள் ரூலா போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். புருஷன் செய்யும் காரியத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் வெளியே இருக்கிறாள் என்று நுஹா நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு அவளுக்குத் தெம்பாக இருந்தது.

“வியாழக்கிழமை கழிச்சு சொல்றேன். நீ கிளம்பு,” என்றாள்.

மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை வாசகர் வட்டம் கூடும் நாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பங்குத் தந்தை அபூனா பூலுஸிடம் போய், ஆலயத்தின் கீழ்த்தளத்தைக் கேட்டு வாங்கி அதைத் தொடங்கியது நுஹாதான். புத்தகம் வாங்கவும் கணப்புக்கு மண்ணெண்ணெய் ஊற்றவும் ஆலயம் பார்த்துக்கொண்டது. வேதப் புத்தகத்தை விட்டால் வேறு எதையும் படிக்க மாட்டார்கள் என்று மதாபா ஊரில் பலர் சிரித்தார்கள். ஆனால் ஒரு மாதம் கடற்பயணம், ஒரு மாதம் சிறைக் குறிப்புகள், ஒரு மாதம் தேனீக்கள் என்று எல்லாவற்றையும் படித்தார்கள். எழுத்துத் தெரியாத உம்மு நிஸார்கூட வந்து மூலையில் உட்கார்ந்து, நுஹா உரக்க வாசிப்பதைக் கேட்டுவிட்டுப் போவாள்.

ரூலா அந்த வட்டத்தின் வாய். நுஹா பாடம் நடத்தும் பள்ளியிலேயே கணக்கு டீச்சர். அவளைத் தன் தம்பிக்குப் பேசி முடித்ததும் நுஹாதான். போன வருஷம் ஒரு நாவல் படித்தார்கள். அண்ணன்மார் கூடி ஒரே தங்கையிடம் எலுமிச்சைத் தோட்டத்தை எழுதி வாங்கும் கதை. அன்று ரூலா பேசியதில் ஆண்கள் தலை குனிந்துகொண்டார்கள். “கத்தியக் காட்டிப் பிடுங்குனா திருடன்ங்கறோம். பாசத்தக் காட்டிப் பிடுங்குனா அண்ணன்ங்கறோம்,” என்று சொல்லி அவள் அழுதாள். நுஹா எழுந்துபோய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

அந்த ரூலா இருக்கும்போது தனக்கென்ன பயம்? வியாழக்கிழமை மாலை நுஹா கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கொஞ்சம் சீக்கிரமாகவே இறங்கிப் போனாள்.

ஆனால் அவளுக்கு முன்னால் எல்லோரும் வந்திருந்தார்கள். ஒருநாளும் புத்தகம் தொடாத ஜர்யெஸும் அபூனாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நடுவில் இருந்த மேசையில் புத்தகங்கள் இல்லை. ஒரு பெரிய வரைபடம் விரித்து, நான்கு மூலையிலும் தேநீர்க் கோப்பை வைத்திருந்தார்கள்.

“வா மகளே, வா,” என்றார் அபூனா. அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். “இந்த ஈரத்துல உக்காந்து நாம படிச்சது போதும். உன் தம்பி மேற்குச் சாலைல ஒரு துண்டு நிலம் தர்றாரு. நூலகம், மேல வாசிப்பு மண்டபம். உங்க அப்பா பேர்லயே. ‘யாகூப் வாசிப்பு மண்டபம்’. எப்படி இருக்கு?”

எல்லோரும் கை தட்டினார்கள். மருந்துக்கடை நபீல் தன் மருமகன்தான் வரைந்தான் என்று பெருமையாகச் சொல்லி, எந்த ஜன்னல் எங்கே வரும் என்று விரலால் காட்டினான். நுஹா அந்த விரலைத் தொடர்ந்து வரைபடத்தின் கீழ் மூலைக்கு வந்தாள். அங்கே தேதி இருந்தது. ஐந்து வாரத்துக்கு முந்திய தேதி.

“அஞ்சு வாரமா தெரியுமா உங்களுக்கு?”

நபீலின் மனைவி கூச்சத்தோடு, “உனக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு ரூலா போன்ல தனியா ஒரு குரூப் போட்டா. நீ துக்கத்துல இருந்தியே,” என்றாள்.

“நீங்க கையெழுத்து போட்டதும் மறுநாளே அஸ்திவாரம் தோண்டலாம் டீச்சர்,” என்றான் நபீல்.

நுஹா ரூலாவைப் பார்த்தாள். ரூலா சர்க்கரை போட்ட தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

“தம்பி, இந்தத் துண்டு நிலம் யாரோட பங்குல வருது?”

“குடும்ப நிலம்தானேக்கா.”

“நிலத்துல எனக்கு மூணுல ஒரு பாகம். உனக்கு மூணுல ரெண்டு. உன் ரெண்டுலேர்ந்து குடேன். கோயிலுக்குக் குடுக்க என் கையெழுத்து எதுக்கு? இன்னைக்கே குடு. நானே முதல் கல்ல தூக்கிட்டு வர்றேன்.”

ஜர்யெஸ் அபூனாவைப் பார்த்தான். அபூனா வரைபடத்தைப் பார்த்தார்.

“அதெல்லாம் பசங்களுக்கு வேணும்க்கா. ரெண்டு பேரையும் படிக்க வைக்கணுமில்ல?” என்றான் கடைசியில்.

“அதாவது தானம் உன் பேர்ல. நிலம் என்னுது.”

“நுஹா!” ரூலா கரண்டியைக் கீழே வைத்தாள். “சபைல வச்சுப் பேசாத.”

“சபைலதானே ரூலா நீ அழுத? அந்த எலுமிச்சைத் தோட்டத்துக்கு?”

“அது கதை.”

“கதைல வர்றவளுக்காக அழுத. கூடப் பழகுறவளுக்காக அழ வராதா?”

ரூலாவின் முகம் சிவந்தது. அவள் எழுந்து நின்றாள். “எங்கப்பா செத்ததும் நானும்தான் போட்டேன். அஞ்சு அண்ணனுங்க வரிசையா உக்காந்திருந்தாங்க. கடிகாரம் ஒண்ணு வாங்கிக் குடுத்து அனுப்புனாங்க. அந்தக் கதையப் படிச்சு நான் யாருக்காக அழுதேன்னு நினைக்கற? எனக்காக அழுதேன். எனக்கு ஒருத்தரும் வரல. நீ மட்டும் என்ன வானத்துலேர்ந்து குதிச்சவளா? என் புள்ளைங்களுக்கு வர வேண்டியத நீ ஏன் வச்சுக்கணும்?”

தன்னிடம் பிடுங்கியவர்களை ஒன்றும் செய்ய முடியாத ஒருத்தி, பிடுங்காமல் மிச்சம் இருந்த ஒருத்தியைத் தேடிப் பிடித்திருந்தாள். அந்த நிமிஷத்தில் நுஹாவுக்கு அது புரிந்தது. புரிந்ததால் வலி குறையவில்லை.

“மகளே,” என்றார் அபூனா மெதுவாக, “கூடப்பிறந்தவனோட கோர்ட்டு கச்சேரின்னு போறது நமக்கு அழகில்ல. விட்டுக்குடுக்கறதுதான் பெரிய மனசு.”

“சரி அபூனா. வட்டத்த நடத்துறவ நான். இன்னைக்குப் பேச ஒரே ஒரு கேள்வி வைக்கறேன்.” அவள் குரல் வகுப்பில் பேசும் குரலாக இருந்தது. “இங்க ஒன்பது பொம்பளைங்க இருக்கோம். என்னத் தவிர, அப்பா வீட்டுப் பங்க எழுதிக் குடுக்காதவங்க யாரு? கை தூக்குங்க.”

கணப்பு சீறிக்கொண்டிருந்தது. ஒரு கையும் எழவில்லை. நபீலின் மனைவி தன் விரல்களை மடியில் கோத்துக்கொண்டாள். ஆண்கள் வரைபடத்தில் எதையோ தேடினார்கள்.

மூலையிலிருந்து உம்மு நிஸார் பேசினாள். ஒன்பது வருஷத்தில் அவள் குரலை அங்கே யாரும் கேட்டதில்லை.

“நான் கையெழுத்துப் போடல. கட்டைவிரல் வச்சேன். கல்யாணத்தப் பதியறதுக்குன்னு சொல்லி வாங்கிக்கிட்டாங்க. அதுல என்ன எழுதியிருக்குன்னு யாரும் எனக்கு வாசிச்சுக் காட்டல.” கொஞ்சம் நிறுத்தி, “இங்க வந்துதான் ஒருத்தி எனக்கு வாசிச்சுக் காட்டுனா,” என்றாள்.

அபூனா எழுந்து ஜெபம் சொல்லிக் கூட்டத்தை முடித்தார். வரைபடத்தைச் சுருட்டும்போது ஒரு கோப்பை கவிழ்ந்தது. அதைத் துடைக்கும் சாக்கில் எல்லோரும் நுஹாவுக்கு முதுகைக் காட்டினார்கள்.

மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது. நூலகம் வராமல் தடுத்தவள் நுஹா. தம்பி பிள்ளைகளின் சோற்றில் மண் போட்டவள் நுஹா. கல்யாணம் ஆகாதவளுக்குப் பேராசை வந்தால் இப்படித்தான். ஞாயிறு ஆராதனையில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. பள்ளியின் ஆசிரியர் அறையில் ரூலா தன் நாற்காலியை மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். வட்டத்தின் அடுத்த கூட்டம் ஜர்யெஸின் வீட்டில் நடந்தது. ‘அண்டை வீட்டாரை நேசிப்பது’ பற்றிய கட்டுரைகளை வாசித்ததாகக் கேள்வி.

ரூலாவின் சின்னப் பையன் ஒருமுறை ரொட்டிக் கடை வாசலில் அவளைப் பார்த்து ஓடிவந்தான். பாதித் தெருவில் ஏதோ நினைவு வந்தவன்போல நின்று, திரும்பிப் போய்விட்டான். அன்று இரண்டு ரொட்டி கேட்டவள் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பேனாவும் தாளும் மேசையிலேயே கிடந்தன. ஒரு கையெழுத்து போட்டால் பெஞ்சு நிறையும், பையன் ஓடிவருவான், பத்துப் பேர் கூடிப் புத்தகம் பேசலாம். அந்த ஆசை அவளுக்கு இல்லாமல் இல்லை. தாளை எடுத்து ‘மனமுவந்து’ என்ற சொல்லை இரண்டு முறை படித்தாள். பிறகு நான்காக மடித்து அடுப்பில் போட்டாள்.

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அவள் நிலப்பதிவு அலுவலகத்துக்குப் போனாள். வாரிசுச் சான்றிதழைப் பார்த்த குமாஸ்தா முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை. தட்டிலிருந்து ஒரு தாளை உருவி அவள் பக்கம் தள்ளினான்.

“கீழ கையெழுத்து. தம்பி வரலையா?”

நுஹா தாளைப் பார்த்தாள். அதே விடுதலைப் பத்திரம்.

“எழுதிக் குடுக்க வரலங்க. என் பேர்ல பதிய வந்திருக்கேன்.”

குமாஸ்தா நிமிர்ந்தான். காதில் தப்பாக விழுந்துவிட்டதைப்போல அவளைப் பார்த்தான். பிறகு எழுந்துபோய் உள்ளே யாரிடமோ கேட்டு, அலமாரிகளைத் திறந்து தேடி, வெகுநேரம் கழித்து வேறொரு விண்ணப்பத்தோடு வந்தான். “இதுக்கு யாரும்மா வர்றா,” என்று சொல்லிக்கொண்டே அதைக் கொடுத்தான்.

பக்கத்து மேசையில் கறுப்பு உடை உடுத்திய ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். இரண்டு பக்கமும் அண்ணன்கள். ஒருவன் அவள் தோளில் அன்பாகக் கை போட்டிருந்தான். நுஹா சொன்னது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். பேனாவைத் தாளில் ஊன்றியபடி தலையைத் திருப்பி நுஹாவைப் பார்த்தாள். நுஹாவும் அவளைப் பார்த்தாள்.

ஒரு நிமிஷம் அந்தப் பேனா அசையவில்லை.

அண்ணன் லேசாக இருமினான். பேனா நகர்ந்தது.