நகத்தில் இல்லாத கோடு

அறையில் இருந்தவர்கள்: தேர்வு நடத்தும் டாக்டர் லோசலினி, சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டியிருந்த உதவியாளன் விலிகேசா, மாணவன் இசிகேலி. தட்டில், உடற்கூறியல் தேர்வுக்காகப் பிணத்திலிருந்து எடுத்த ஒரு கை. அது யாருடையதென்று மூவருக்கும் தெரியாது.

தீவுத் தலைநகரான சூவாவில் வழக்கம்போல் மழை. இசிகேலிக்கு அது தண்ணீருக்கடியில் பெய்வதுபோல் கேட்டது. நேற்றுக் குடித்த யங்கோனா, நாக்கை மரக்கவைக்கும் அந்த வேர்ச்சாறு, இன்னும் நாக்கை விட்டு இறங்கவில்லை. இது கடைசி வாய்ப்பு. மார்ச் மாதத் தேர்வுக்கு வராமல், டெங்குக் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்ததால் கிடைத்தது. இதுவும் போனால் கல்லூரியை விட்டுப் போக வேண்டியதுதான்.

விலிகேசா தட்டை நீட்டினான். இசிகேலி உள்ளங்கைகளைக் குவித்து ஒருமுறை தட்டினான், யங்கோனாக் கிண்ணம் வாங்குமுன் தட்டுவதுபோல். தட்டிய பிறகுதான் நிற்குமிடம் உறைத்தது.

"மச்சான், அது கிண்ணமில்ல. குடிச்சுத் தொலைச்சிடாத," என்று விலிகேசா முணுமுணுத்தான்.

லோசலினி சிரிக்கவில்லை. "தட்டை ஓரமா வை. இசிகேலி, உன் கையையே பார்த்துச் சொல்லு."

அவன் தன் பெருவிரலைப் பார்த்தான். நகம் மெல்லப் பெரிதாகிக் கடலாக விரிந்தது. அடிவானத்தில் வெளிறிய பிறை. தோலுக்குள் ஒளிந்த வேரில் செல்கள் பிறந்தன, கெட்டியாகின, செத்தன. செத்தவை நுனியை நோக்கி மிதந்தன. கண்டதையெல்லாம் வாய் சொல்லிக்கொண்டே போனது.

"உள்ளங்கையில எண்ணெய்ச் சுரப்பி?"

"கிடையாதுங்க டாக்டர். வியர்வைச் சுரப்பிதான். சுருண்ட குழாய். ரேகை மேட்டுல வரிசையா வாய் திறந்திருக்கும்."

"அங்க எதுக்கு வேர்க்கும்?"

"வெயிலை விடப் பயத்துக்குத்தான்."

அவன் உள்ளங்கை நனைந்திருந்தது.

"கடுமையான காய்ச்சல் வந்தா நகம் என்ன ஆகும்?"

"வேர் கொஞ்ச நாள் வேலையை நிறுத்தும். குறுக்க ஒரு பள்ளம் விழும். நகம் வளர வளர அதுவும் நகரும், மாசம் மூணு மில்லிமீட்டர்."

"மார்ச்ல வந்த காய்ச்சல், இந்த ஜூலையில எங்க இருக்கும்?"

"பன்னிரண்டாவது மில்லிமீட்டர்ல. நுனிக்குப் பக்கத்துல."

சொல்லி முடித்ததும் மழைச் சத்தம் நின்றதுபோல் இருந்தது. அவர் அளவுகோலை நீட்டினார். அவன் வைத்துப் பார்த்தான். நகம் வழவழவென்று, காற்றில்லாத கடல் மாதிரி கிடந்தது.

"எல்லாருக்கும் விழாது டாக்டர்."

"விழாதுதான். நகத்தை நம்பி முடிவு பண்ண மாட்டேன். அதனாலதான் உன்னைக் கேக்கறேன். காய்ச்சல் வந்துச்சா?"

வந்தது என்று ஒரு வார்த்தை போதும். விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு அளவுகோலில் விழுந்தது.

"இல்லைங்க. ரேவாவுல அத்தை மக கல்யாணம். மூணு நாள் யங்கோனா."

லோசலினி மதிப்பெண் தாளில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "விடையெல்லாம் சரி. ஆனா இந்தத் தேர்வு காய்ச்சல்காரனுக்குக் கொடுத்தது."

விலிகேசா கதவைத் திறந்து பிடித்தான். இசிகேலி கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நடைக்கூடத்தில் இறங்கினான். பின்னால் கதவு சாத்தப்பட்டது. சாவி இருமுறை திரும்பியது.