பதினைந்தா, பத்தொன்பதா

டோன்கா அழுது ஐந்து வருஷம் ஆகிறது. சுவருக்குள் யாரோ தன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று மகன் ஃப்ரானே சமையலறைச் சுவரைச் சுத்தியலால் உடைத்தானே, அன்று அழுததுதான் கடைசி. அதற்கப்புறம் எல்லாம் பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி மரத்துப் போயிற்று. டாக்டர் என்ன சொன்னாலும் தலையாட்டுவாள். மாத்திரையை எண்ணிக் கொடுப்பாள், கீரையும் உருளைக்கிழங்கும் வேகவைப்பாள், தூங்குவாள்.

இன்றைக்கும் அப்படித்தான் தலையாட்டிக்கொண்டு ஸ்ப்ளிட் நகர ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடிக்கு வந்திருந்தாள். கஞ்சாவுக்கும் மனநோய்க்கும் என்ன தொடர்பு என்று ஆராய்ச்சி செய்யும் மொரானா என்ற பெண் எதிரே உட்கார்ந்து, மேஜை நீளத்துக்கு ஒரு காகிதத்தை விரித்தாள். வருஷத்துக்கு ஒரு கட்டம்.

"பயப்படாதீங்க, பரீட்சை இல்ல. உங்க மகன்கிட்ட போன வாரமே தனியா கேட்டுட்டோம். அவர் என்ன சொன்னார்னு உங்களுக்குச் சொல்ல மாட்டேன், நீங்க சொல்றதை அவருக்கும் சொல்ல மாட்டேன். எந்த வயசுல ஆரம்பிச்சார்ங்கறதுதான் எங்களுக்கு முக்கியம்."

பதில் டோன்காவிடம் தயாராக இருந்தது. பத்தொன்பது. ஸாக்ரெப். படிக்கப் போன தலைநகரத்தில் கெட்டான். மீன் சந்தையிலிருந்து தேவாலய வாசல் வரை அவள் புருஷன் பெபோ இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தான். "என் பையனை ஸாக்ரெப் முழுங்கிடுச்சு!" அவன் சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் நின்று இவள் தலையாட்டினாள்.

"மொதல்ல வீட்டு விஷயங்களைப் போட்டுட்டு வாங்க. வருஷம் தானா பிடிபடும்."

போட்டாள். 2009, மாமியார் சாவு. 2011, வாஷிங் மெஷின். 2013, குளியலறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன். எழுதிய பிறகுதான் பார்த்தாள். பாழாய்ப்போன கை!

மொரானா சிரித்தாள். "ஃபேன் மாட்டின வருஷம்கூடவா ஞாபகம் இருக்கு? எங்க வீட்ல கல்யாண வருஷமே சண்டையில இருக்கு."

"ஈரம். சுவரெல்லாம் பூசணம்."

ஈரமாவது மண்ணாவது! ஃப்ரானேவுக்குப் பதினைந்து வயது. அவன் குளித்துவிட்டு வந்த பிறகு உள்ளே போனவளுக்குக் கஞ்சா வாசனை மூக்கில் ஏறியது. பெபோவுக்குத் தெரிந்தால் பையனின் முதுகுத்தோலை உரித்திருப்பான். அவர்கள் இருவரும் கத்தாத நாளே அந்த வீட்டில் கிடையாது. கடலுக்குப் போன பெபோ திரும்புவதற்குள் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, காதும் காதும் வைத்தாற்போல் வேலையை முடித்தாள். அப்புறம் பையன் சாந்தமாக வெளியே வருவான், அப்பா என்ன சொன்னாலும் சிரிப்பான், இரண்டு தட்டு சாப்பிடுவான். வீட்டில் சத்தம் அடங்கியது. சொல்லவே கூசுகிறது, அந்த நான்கு வருஷமும் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

"2017, ஸாக்ரெப்னு எழுதியிருக்கீங்க. அப்பதான் ஆரம்பிச்சாரா?" பேனா அந்தக் கட்டத்துக்கு மேல் வந்து நின்றது. ஆமாம் என்றால் முடிந்தது.

"இதுல தப்பா இருந்தா என்ன ஆகும்?" என்றாள் டோன்கா.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. சின்ன வயசுல ஆரம்பிச்சா வித்தியாசம் உண்டான்னு பாக்கறோம். தப்பா இருந்தா, நாளைக்கு வேற ஒரு அம்மா வந்து கேக்கறப்போ நாங்க தப்பா சொல்லுவோம்."

வெளியே வாடைக்காற்று ஜன்னலைப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தது. அந்த வேறொரு அம்மாவுக்காகச் சொன்னாளா, பூசி மெழுகி அலுத்துப்போய்ச் சொன்னாளா, அவளுக்கே தெரியாது.

"பதினஞ்சு. ஃபேன் ஈரத்துக்கு இல்ல, புகைக்கு. நான்தான் மாட்டினேன்."

கூரை இடிந்து விழும் என்று காத்திருந்தாள். மொரானா 2013க்குக் கீழே ஒரு கோடு போட்டாள், "இங்க கையெழுத்துப் போடுங்க" என்றாள், அவ்வளவுதான்.

நடைபாதை பெஞ்சில் ஃப்ரானே மெஷின் காப்பியோடு உட்கார்ந்திருந்தான். இருபத்தாறு வயது. மாத்திரையால் கை நடுங்கி, காப்பி கோப்பை விளிம்பில் தளும்பியது.

"என்னம்மா சொன்ன?"

"பதினஞ்சுன்னு."

"போச்சு போ, சொதப்பிட்ட. நான் பத்தொன்பதுன்னு சொல்லியிருந்தேன்."

"ஏன்டா?"

"பத்தொன்பதுன்னா ஸாக்ரெப். அங்க நடந்தது உனக்கு எப்படித் தெரியும்? உன்னை யாரும் ஒண்ணும் கேக்க முடியாதுல்ல." கோபமில்லாமல், பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னான்.

அவள் பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஃபேனைப் பாத்த அன்னைக்கே தெரியும்மா, நீ கண்டுபிடிச்சிட்டன்னு. பயந்துபோய் ரெண்டு வாரம் தொடவே இல்ல. இன்னைக்குத் திட்டுவ, நாளைக்குத் திட்டுவன்னு பாத்துட்டே இருந்தேன். நீ ஒண்ணுமே கேக்கல. அப்போ பரவாயில்ல போலன்னு நெனச்சேன்."

இரண்டு வாரம். அவனாகவே நிறுத்திவிட்டு அவளுக்காகக் காத்திருந்த இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தில் தான் என்ன சமைத்தோம், என்ன பேசினோம் என்று நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அழ வேண்டும் என்று நினைத்தாள். அதுவும் வரவில்லை.

"குடிம்மா, ஆறிடப் போகுது." ஃப்ரானே கோப்பையை நீட்டினான். அவன் கையோடு சேர்த்துப் பிடித்துக் குடித்தாள்.

"சூடா இருக்கா?" என்றான்.

"தெரியலடா" என்றாள்.