முதல் மிதி

1

வானத்தைப் பற்றி எழுதத்தான் அந்தக் கொட்டகைக்குப் போனேன். சிறிய விமானங்களை நிறுத்திவைக்கும் இடம். அங்கே ஒருவர்கூட வானத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் தரையில்தான் வேலை. 'பறவையைப் போல விடுதலையாக' என்று நான் தொடங்கிய வாக்கியம்

(விட்டுவிட்டேன். விமானத்துக்கு அடியில் ஒருத்தி மல்லாந்து கிடந்தாள்.)

2

அவள் மெக்கானிக். பறக்கக் கற்றுக்கொடுப்பவன் அவளுடைய தம்பி. மதியம் பிரேக்கில் சீல் மாற்றியபோது எண்ணெய்க் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது. காற்று இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், சக்கரம் நிற்காது. அதனால் அவள் சக்கரத்துப் பக்கமிருந்து எண்ணெயை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தாள். மேலே இருந்த எண்ணெய் டப்பாவில் குமிழிகள் வந்து உடைந்தன.

நாளைக் காலை இதே விமானத்தில் தம்பி மகள் முதன்முறையாகத் தனியாகப் பறக்கப் போகிறாள். ஓடுபாதை முடியும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. (பள்ளத்தை நான் வெட்டவில்லை.)

3

குமிழி வருவது நின்றதும் திருகை இறுக்கிவிட்டு, மேலே ஓட்டும் இருக்கையில் இருந்த தம்பிக்குக் குரல் கொடுத்தாள்.

"மிதிடா. ஒரே மிதிதான்."

"கல்லு மாதிரி இருக்குக்கா."

நான் அவனுக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தேன். கதை எழுதுகிறவனிடம் யாரும் டிக்கெட் கேட்பதில்லை. அவன் கால் லேசாக இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் அழுத்தியது. பிரேக் தளர்ந்த பழைய விமானத்தை ஓட்டி வந்த பழக்கம். அப்படித் தட்டினால் காற்றுள்ள பெடலும் கொஞ்ச நேரத்துக்குக் கெட்டியாகிவிடும்; தட்டாமல் மிதிக்கும் முதல் மிதியில்தான் காற்று இருப்பது தெரியும். அவன் பொய் சொல்லவில்லை. தட்டியது அவனுக்கே தெரியாது.

4

முடிவு ஒன்று: அக்கா அவன் காலைப் பார்த்துவிடுகிறாள். (சக்கரத்தடியில் கிடப்பவளுக்கு அவன் கால் எப்படித் தெரியும்? அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: பள்ளத்தை நோக்கி ஓடும் விமானத்தில் அந்தப் பெண்

எழுதக் கை வரவில்லை. பயமாக இருக்கிறது.

முடிவு மூன்று: அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வருகிறாள். தானே ஒரு முறை மிதித்துப் பார்க்க ஆசை. விமானத்தின் படியில் ஒரு காலை வைத்ததுமே தம்பியின் முகம் சுருங்கிவிட்டது.

"ஏன், நான் சொன்னா நம்ப மாட்டியா?"

போன தடவை அவன் வேலையை அவள் சந்தேகப்பட்டதற்கு, அவன் மாதக்கணக்கில் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மகளையும் அனுப்பவில்லை. அக்காவுக்கு அந்தப் பெண் என்றால் உயிர்.

5

'எறங்கு' என்று ஒரு சொல் போதும். அதை அவள் வாயில் வைக்க எனக்கு அரை நொடி ஆகாது. ஆனால் அவன் கோபித்துக்கொள்ளப் போவது என்னிடம் இல்லையே. அதனால் படியில் ஒரு காலோடு அவளை நிறுத்தி, உங்களிடம் ஒப்படைக்கிறேன். சொல்ல வைப்பீர்களோ, காலைக் கீழே இறக்க வைப்பீர்களோ, உங்கள் பாடு.

ரொம்ப யோசிக்க நேரமில்லை. விடிந்ததும் மகள் வந்து பறப்பாள்; தரையிறங்கியதும் ஒரே ஒரு தடவைதான் மிதிப்பாள். அத்தை அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.