நேரம் குறிக்காத ஓட்டம்

அந்தக் குளிர்காலத்தில் ரொமானாவால் ஓரிடத்தில் உட்காரவே முடியவில்லை. முழங்காலில் மூன்றாவது அறுவை சிகிச்சை ஆனதும் பனிச்சறுக்குப் பந்தயத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டாள். இப்போது அடுக்கிய விறகையே கலைத்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கால்ல சக்கரமாடி கட்டியிருக்கே?" என்றாள் அம்மா ஹெட்விக். அவளும் ஒரு காலத்துப் பந்தயக்காரி. அப்பா லோரென்ஸ் ஒலிம்பிக் வரை போனவர். தம்பி கெப்ஹார்டுக்கு இன்று சொந்த ஊர் மலையிலேயே போட்டி.

காலையில் போட்டி நடத்துகிற எல்மார் போன் செய்தான். வீரர்களுக்கு முன்னால் தடத்தில் ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டிய ஆளுக்குக் காய்ச்சலாம்.

"நீ எறங்குறியா? நேரமெல்லாம் குறிக்க மாட்டோம். பத்திரமா வந்தாப் போதும்."

"டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?" என்று அம்மா கேட்பதற்குள் ரொமானா பூட்ஸை மாட்டிவிட்டாள். 

முதல் வளைவுகளில் உடம்பு தானாகக் குனிந்தது. காற்று காதில் அறைந்தது. மரங்களைத் தாண்டியதும் அந்த மேடு. போன வருடம் முழங்கால் போனது அங்கேதான். குனிந்தே போ என்று தொடை துடித்தது. அவள் நிமிர்ந்தாள். வேகம் செத்தது. மேட்டைத் தாண்டி மெல்ல இறங்கினாள்.

கீழே வந்ததும் பழக்கதோஷத்தில் நேரம் காட்டும் பலகையைப் பார்த்தாள். வெறுமையாக இருந்தது. யார் மேல் என்று தெரியாமல் ஆத்திரம் வந்தது.

வாக்கிடாக்கியில் தம்பி மேலிருந்து கேட்டான். "அக்கா, எப்படியிருக்கு?"

"மேட்டுக்கு அப்புறம் வெறும் ஐஸு. இடது பக்கமே போ."

"நீ என்ன, நடந்தா வந்தே?"

"வாய மூடிட்டு எறங்கு."

கெப்ஹார்டு நான்காவதாக வந்தான். சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் தன் ஓட்டத்தை வளைவு வளைவாக அலசினான். ரொமானாவின் கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது.

"மேட்டுக்கு முன்னாடியே நிமிந்துட்டே," என்றார் அப்பா ரொமானாவிடம்.

"ஆமாப்பா. பயமாயிருந்துச்சு."

அந்த வீட்டில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. கெப்ஹார்டு முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"எனக்கும் ஒவ்வொரு தடவையும் இருந்துச்சு," என்றார் அப்பா.

"முப்பது வருஷம் கழிச்சு இப்பச் சொல்லுங்க," என்றாள் அம்மா.

ரொமானா எழுந்து கோட்டை எடுத்தாள்.

"மறுபடி எங்கடி?"

"எல்மாரைப் பாக்க. அடுத்த வாரப் போட்டிக்கும் நான் எறங்குறேன்."

"கூப்பிட்டானா?"

"இல்ல. நான்தான் கேக்கப் போறேன்."